அப்பாவுக்கு இரவில் அடிக்கடி சலம்: குளிசையா, ஒபரேசனா?

வெல்லாவெளி_மகன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. இன்னும் வயலுக்குப் போய்வருகிற ஆள். ஒரு வருடத்துக்கு மேலாக இரவில் ஐந்தாறு தடவை எழும்பிச் சலம் கழிக்கிறார். போனால் திரும்பி வர நேரமெடுக்கிறது. நின்று காத்திருந்தால்தான் தொடங்குமாம். தொடங்கினாலும் மெல்லிசாக, விட்டு விட்டு வருமாம். பகலில் வயல் வட்டைக்குள் நிற்கும்போது அவ்வளவாகத் தெரியவில்லை என்கிறார்.

களுதாவளையில் இருக்கிற மாமா, தனக்கு எழுதிக் கொடுத்த டாம்சுலோசின் குளிசையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டார். போட்ட பிறகு கொஞ்சம் லேசாகப் போகிறது. ஆனால் படுக்கையிலிருந்து எழும்பினால் தலை சுற்றுகிறது. ஒரு நாள் விடியப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

ஊரில் ஒருவர் இது புற்றுநோயின் தொடக்கம் என்கிறார். இன்னொருவர், ஒபரேசன் செய்தால் பிறகு சலத்தை அடக்கவே முடியாது, ஆயுளுக்கும் பம்பர்ஸ்தான் என்கிறார். அப்பாவோ, “வயசு போனா எல்லாருக்கும் வாறதுதானே, விடு மகன்” என்கிறார். எங்கே முதலில் காட்டுவது? என்னென்ன பார்ப்பார்கள்? குளிசையோடு சமாளிக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிப்_பாலம்

என் பெரியப்பாவுக்கும் இதே கதைதான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்தார், சரியாகிவிட்டது. அப்பாவுக்கும் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஓய்வுத்_தாதி

சத்திரசிகிச்சை வார்ட்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, குளிசையா ஒபரேசனா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

புரொஸ்டேட் சுரப்பி சலப்பைக்குக் கீழே, சலம் வரும் குழாயைச் சுற்றி இருக்கிறது. இளவயதில் ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் அளவு. நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு வளரத் தொடங்கும். அறுபதுகளில் பாதிப் பேருக்காவது இந்த வளர்ச்சி இருக்கும். ஆனால் வளர்ந்த எல்லோருக்கும் தொல்லை வராது. 30 மில்லிலீற்றர் சுரப்பியோடு சலம் அடைத்து வந்தவர்களையும் கண்டிருக்கிறேன், 90 மில்லிலீற்றரோடு நிம்மதியாக நடந்து திரிகிறவர்களையும் கண்டிருக்கிறேன். ஸ்கேன் கடதாசியில் உள்ள அளவைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

கிளினிக்கில் ஒரு கேள்விக்கொத்து வைத்திருப்பார்கள், ஐ.பி.எஸ்.எஸ். என்பார்கள். ஏழு கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில், சலம் போன பிறகும் முழுதாகப் போகாத உணர்வு இருந்ததா, இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பவும் போக வேண்டி வந்ததா, விட்டு விட்டு வந்ததா, அடக்க முடியாத அவசரம் வந்ததா, வேகம் குறைந்திருந்ததா, முக்கித் தொடங்க வேண்டியிருந்ததா என்பவை ஆறு. ஒருபோதும் இல்லை என்றால் 0, அநேகமாக எப்போதும் என்றால் 5. ஏழாவது, இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்பது. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 5. கூட்டினால் 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமை. இப்படியே வாழ்நாள் முழுக்க இருக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று தனியாக ஒரு கேள்வியும் உண்டு. சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அந்தப் பதிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கேள்விகளை அப்பாவிடம் மட்டும் கேட்காதீர்கள், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். நம்மூர் ஆண்கள் டொக்டருக்கு முன்னால் “பரவாயில்லை” என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள்.

கல்லடித் தம்பி, பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீயைக் குறைப்பது சரி. வெயிலில் வேலை செய்கிறவரை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லாதீர்கள். சலம் கெட்டியாகிக் கடுப்பு வரும், கல்லும் வரும்.

கொக்கட்டி_மரம்

இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதா? நெருஞ்சிலை அவித்துக் குடிநீராகக் குடிக்கக் கொடுங்கள். எங்கள் பாட்டன்மார் இதைத்தான் குடித்தார்கள். எத்தனை பேர் வயிற்றைக் கிழித்துக்கொண்டார்கள்?

கட்டார்_வாசி

மச்சான், என் வாப்பா அக்கரைப்பற்றில் இருக்கிறார், அவருக்கும் இதேதான். நான் இங்கிருந்து போனில் கேட்டால் ஒன்றுமே சொல்லமாட்டார். இந்த இழையைப் பின்தொடர்கிறேன். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்தால் புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடுமா? வெளியில் லாப்பில் நேரே போய்ச் செய்யலாமா?

வெல்லாவெளி_மகன்

தாதி ஐயாவுக்கு மிகவும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அப்பா தானாகச் சொன்னபோது 11 வந்தது. அம்மா குறுக்கிட்டுத் திருத்தியபோது 22.

அம்மா இன்னொன்றும் சொன்னார். சில மாதங்களாக விடியும்போது அப்பாவின் சாரன் நனைந்திருக்கிறதாம். வெட்கத்தில் அவரே எழும்பிக் கிணற்றடியில் அலசிப்போட்டுவிடுவாராம். வலி எதுவும் இல்லை. சலத்தில் இரத்தம் கண்டதில்லை. கிளினிக் கொப்பியைப் பார்த்தேன்: பிரசருக்கு அம்லோடிபினும் பிரசோசினும், சீனிக்கு மெற்போமின்.

எம்ஓ_கடற்கரை

அரச வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இணையத்தில் நோய் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் இந்தப் பதிவில் இரண்டு விடயங்களைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலாவது, அந்த நனைந்த சாரன். வயதானவர் வலியில்லாமல், தூக்கத்தில், தனக்குத் தெரியாமல் நனைக்கிறார் என்றால் சலப்பை நிரம்பி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். சலம் அடைத்தால் துடிதுடிக்க வலிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். திடீரென்று அடைத்தால் அப்படித்தான். மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேங்கினால் சலப்பை விரிந்து பழகிவிடும், வலிக்காது. அந்த அழுத்தம் மேலே போய்ச் சிறுநீரகத்தை வீங்க வைக்கும். அடுத்த மாதக் கிளினிக் வரை வைத்திருக்காதீர்கள். இந்தக் கிழமைக்குள், முடிந்தால் நாளைக்கே, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கூட்டிப் போங்கள்.

இரண்டாவது, பிரசோசின். அதுவும் டாம்சுலோசினும் ஒரே வகை மருந்துகள், தசையையும் இரத்தக் குழாயையும் தளர்த்துகிற அல்பா புளொக்கர். இரண்டும் சேர்ந்தால், எழும்பும்போது இரத்த அழுத்தம் சட்டென்று விழும். தலைசுற்று அங்கிருந்துதான் வந்திருக்கும். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது புரொஸ்டேட்டை விடப் பெரிய கதை. மாமாவின் குளிசையை நிறுத்துங்கள். பிரசர் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொப்பியையும் அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அங்கே என்ன பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். அடிவயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். மலவாசல் வழியாக விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இதற்காகவே வரமறுக்கிற ஐயாமார் இருக்கிறார்கள், அரை நிமிட வேலை என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். சுரப்பி வழுவழுப்பாக, ஒரே மாதிரியாக இருக்கிறதா, கட்டியாக ஏதும் தட்டுப்படுகிறதா என்று விரலில்தான் தெரியும். சலப் பரிசோதனை, இரத்தத்தில் சீனி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின். பிறகு ஸ்கேன், சலம் போவதற்கு முன் ஒன்று, போன பின் ஒன்று. போன பிறகும் 300 மில்லிலீற்றருக்கு மேல் மிச்சமிருந்தால் அது தேங்கல்தான்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நல்ல வரிசை இருக்கும். “தண்ணீர் குடித்து முட்ட வையுங்கள்” என்று சொன்னதற்காக இரண்டு போத்தல் குடித்துவிட்டு, வெடிக்கிற மாதிரி அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அளவுக்கு மீறி நிரம்பிய சலப்பை ஒழுங்காக வெறுமையாகாது, மிச்சம் கூடுதலாகக் காட்டும். ஓரளவு முட்டினால் போதும்.

சில இடங்களில் சலத்தின் வேகத்தை அளக்கும் கருவியும் உண்டு. குறைந்தது 150 மில்லிலீற்றர் போனால்தான் அந்த அளவீட்டை நம்பலாம். உச்ச வேகம் நொடிக்கு 10 மில்லிலீற்றருக்குக் குறைவென்றால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சலப்பையே தளர்ந்துபோனாலும் வேகம் குறையும். நீண்டகால சீனி வருத்தக்காரரில் இதையும் யோசிக்க வேண்டும்.

எம்ஓ_கடற்கரை

கட்டார் தம்பிக்குத் தனியாக எழுதுகிறேன். வயதோடு வருகிற இந்தப் புரொஸ்டேட் வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே வரலாம், அவ்வளவுதான். வீக்கம் பெரும்பாலும் குழாயைச் சுற்றிய உள்பகுதியிலும், புற்று பெரும்பாலும் வெளிப்பகுதியிலும் தொடங்கும். அதனால் புற்று தொடக்கத்தில் சலத்தில் எதையும் காட்டாமலே இருக்கக்கூடும்.

பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், புற்றுநோய்க்கென்றே உள்ள பரிசோதனை அல்ல. வீக்கத்திலும் கூடும், சலத்தில் கிருமி வந்தாலும் கூடும், அடைப்புக்குச் சலம் வெளியேற ரியூப் போட்டிருந்தாலும் கூடும். 4 என்ற எல்லையைத் தாண்டிய பலருக்குப் புற்று இருப்பதில்லை, தாண்டாத சிலருக்கு இருப்பதுமுண்டு. கிருமித் தொற்று வந்தால் ஆறு கிழமை போல விட்டுத்தான் செய்வார்கள். லாப்பில் தானாகப் போய்ச் செய்துவிட்டு, வந்த இலக்கத்தைப் பார்த்து வீடே அழுதுகொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் டொக்டரிடம் பேசுங்கள், பிறகு லாப். சுரப்பியைச் சிறுக்க வைக்கும் பினாஸ்ரரைட் குளிசையை ஆறு மாதம் போட்டவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும், அதை இரட்டித்துத்தான் வாசிக்க வேண்டும். அந்தக் குளிசை போடுவதை மறைத்தால் கணக்கே பிழைத்துவிடும்.

கொக்கட்டி_மரம்

டொக்டர், எல்லாம் சரி. ஆனால் நாட்டு மருந்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறீர்கள்.

எம்ஓ_கடற்கரை

நான் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே! கேட்டதால் சொல்கிறேன். நெருஞ்சில் சலத்தைப் பெருக்கும் என்றுதான் கொடுக்கிறார்கள். வெளியே போகும் வழி அடைத்திருக்கும்போது உள்ளே பெருக்கி என்ன பயன்? மேல்நாட்டிலும் இதற்கு ஒரு மூலிகை பிரபலம், சோ பால்மெற்றோ என்று ஒரு பனைவகையின் பழத்திலிருந்து எடுப்பது. 2006இலும் 2011இலும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், மருந்தே இல்லாத வெறும் குளிசையை விட அது மேலாக ஒன்றும் செய்யவில்லை. பதிவுபெற்ற சுதேச வைத்தியரிடம் போகிறவர் போகட்டும். மிச்சச் சலத்தின் அளவையும் கிரியற்றினினையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மருந்துக்கடை_கல்முனை

பாமசியில் நிற்கிறவன் என்ற முறையில் இதையும் சேர்க்கிறேன். தடிமன், இருமலுக்கு என்று கேட்டு வாங்குகிறீர்களே, குளோர்பெனிரமீன், மூக்கடைப்புக்கு சூடோஎபெட்ரின், இவை ஏற்கனவே புரொஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு ஒரே இரவில் சலத்தை அடைத்துவிடக்கூடும். நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிற்றிப்ரிலினும் அப்படித்தான். மாரி காலத்தில் இப்படி வருகிறவர்கள் உண்டு. “வாப்பாவுக்கு ஒரு தடிமன் குளிசை” என்று சின்னப்பிள்ளையை அனுப்பினால் எங்களுக்கு எப்படித் தெரியும்? மலச்சிக்கலும் சாராயமும் இதே வேலையைச் செய்யும்.

பினாஸ்ரரைட், டியூராஸ்ரரைட் வீட்டில் இருந்தால், வயிற்றில் பிள்ளையுள்ளவர் உடைந்த குளிசையைக் கையால் தொடக்கூடாது. ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

காத்தான்குடிக்_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்கு 58. கடை வைத்திருக்கிறேன். வேகமெல்லாம் பரவாயில்லை. பிரச்சினை வேறு. சலம் போய்க் கழுவி எழும்பி நாலடி வைத்த பிறகு சில துளிகள் இறங்கும். தொழுகைக்காகக் கழுவி வுழூ எடுத்துப் பள்ளிக்குள் போனால் மனதுக்குள் ஒரே அந்தரம். தொழுகை கூடுமா கூடாதா என்று யோசித்து, இப்போதெல்லாம் ஜமாஅத்துக்குப் போவதையே குறைத்துவிட்டேன். இதுவும் புரொஸ்டேட்டா?

ஓய்வுத்_தாதி

காக்கா, இதைக் கேட்டதற்கு நன்றி. கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இது பெரும்பாலும் புரொஸ்டேட் வேலையல்ல. குழாய் விதைப்பைக்குப் பின்னால் ஒரு வளைவாக வருகிறது. அந்த வளைவில் கொஞ்சம் தங்கி, நடக்கும்போது இறங்குகிறது. சலம் போய் முடிந்த பிறகு ஒரு சில நொடிகள் பொறுங்கள். பிறகு விதைப்பைக்குப் பின்னால், மலவாசலுக்கு முன்னால் உள்ள இடத்தில் இரண்டு மூன்று விரல் நுனிகளை வைத்து, மெதுவாக அழுத்தி முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். தேங்கியது வெளியே வந்துவிடும். ஒன்றிரண்டு தடவை செய்தால் போதும். குந்தியிருந்து போவதும் நல்லது, அவசரப்பட்டு எழும்பாதீர்கள். சலத்தை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் உதவும்.

இதோடு வேகக் குறைவும் அவசரமும் சேர்ந்தால் காட்டுங்கள். தொழுகை விடயத்தை உங்கள் மவ்லவியிடம் கேளுங்கள். தொடர்ந்து கசிகிறவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று என்னோடு வேலை செய்த முஸ்லிம் நண்பர்கள் நோயாளிகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

காத்தான்குடிக்_காக்கா

அல்ஹம்துலில்லாஹ். டொக்டரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே முகம் தெரியாததால் கேட்டேன்.

ஆரையம்பதி_அக்கா

ஒரு மனைவியாக எழுதுகிறேன். என் மனுசனும் இரவெல்லாம் எழும்புவார். எல்லோரும் புரொஸ்டேட் என்றே சொன்னார்கள், குளிசையும் போட்டார், ஒன்றும் குறையவில்லை. கடைசியில் ஒரு டொக்டர் எங்களிடம் அளவுக் கோப்பை ஒன்றை வாங்கி, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று மூன்று நாள் எழுதச் சொன்னார். பார்த்தால் பகலில் கொஞ்சம், இரவில்தான் கோப்பை கோப்பையாகப் போகிறது! பின்னேரமானால் கால் வீங்கும். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மேலே ஏறிச் சலமாகப் போகிறது என்று விளக்கினார். இருதயத்தையும் பார்த்தார்கள். பிரசர் மருந்தை மாற்றி, பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்திருக்கச் சொன்னார்கள். இப்போது அவரும் நித்திரை கொள்கிறார், நானும் நித்திரை கொள்கிறேன்.

எம்ஓ_கடற்கரை

அக்கா எழுதியதை எல்லோரும் கவனியுங்கள். 24 மணித்தியாலச் சலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போகிறதென்றால், உடம்பு இரவில் அதிகமாகச் சலம் உற்பத்தி செய்கிறது. புரொஸ்டேட் குளிசை அதை நிறுத்தாது. அம்லோடிபினால் கால் வீங்கலாம். கட்டுப்பாடில்லாத சீனி, இருதயப் பலவீனம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோய், இவையெல்லாம் இரவுச் சலத்தைக் கூட்டும். ஒவ்வொரு தடவையும் 50, 80 என்று துளித்துளியாகப் போகிறதா, 400 என்று கொட்டுகிறதா என்பதுதான் வித்தியாசத்தைக் காட்டும்.

வெல்லாவெளி_மகன்

கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில்தான் நின்றோம்.

டொக்டர் எழுதியதைப் படித்த மறுநாளே கூட்டிப் போனேன். அடிவயிற்றில் கை வைத்ததுமே அங்கிருந்த டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். தொப்புள் வரை சலப்பை. அப்பாவோ “எனக்கு ஒண்டுமில்ல, இப்பதான் போயிற்று வந்தன்” என்கிறார்! ரியூப் போட்டதும் பை நிரம்பி, மாற்றி, திரும்பவும் நிரம்பியது. ஒரு லீற்றருக்கு மேல். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. புரொஸ்டேட் 62 மில்லிலீற்றர். கிரியற்றினின் 2.4.

அன்றிரவு சலம் நிற்காமல் போனது. நான் பயந்துபோனேன். அடைப்பு நீங்கினால் சிறுநீரகம் இப்படிக் கொட்டும் என்று தாதி மிஸ் சொன்னார். மணிக்கொரு தடவை பையை அளந்து எழுதினார்கள், அப்பாவை நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பிரசரைப் பார்த்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். இப்போது கிரியற்றினின் 1.6க்கு இறங்கிவிட்டது. ரியூப்போடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிறுநீரகம் தேறிய பிறகு ஒபரேசனாம்.

எனக்கொரு சந்தேகம். ரியூப்பைக் கழற்றி, குளிசை கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். ஏன்? மாமாவுக்கு அப்படித்தானே செய்தார்கள்?

எம்ஓ_கடற்கரை

மாமாவுக்கு திடீரென்று வலியோடு அடைத்திருக்கும். அப்படியானவர்களுக்கு அல்பா புளொக்கர் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் ரியூப்பைக் கழற்றிப் பார்ப்போம். பலருக்குத் தானாகப் போகத் தொடங்கும். உங்கள் அப்பாவுக்கு அழுத்தம் மேலேறிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. ரியூப்பைக் கழற்றினால் வலியில்லாமல் திரும்பவும் தேங்கும், யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஒபரேசன் வரை ரியூப்.

வயல்காரருக்குக் கிரியற்றினின் கூடினால் நம் பக்கத்தில் உடனே “வயல் தண்ணி, கிட்னி வருத்தம்” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது உண்மை. ஆனால் வயதான ஆணுக்குக் கிரியற்றினின் ஏறினால், முதலில் ஸ்கேனில் அடைப்பைத் தேட வேண்டும். ஒரு ரியூப் போட்டே இறக்கக்கூடியது இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

குளிசைகளைப் பற்றி மற்றவர்களுக்காக: டாம்சுலோசின் வகை, சுரப்பியிலும் சலப்பைக் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தும், சில நாட்களிலேயே பலன் தெரியும், சுரப்பி சிறுக்காது. பினாஸ்ரரைட் வகை சுரப்பியைச் சிறுக்க வைக்கும். நாலில் ஒரு பங்கு குறைய ஆறு மாதமாவது வேண்டும். வயல் மொழியில் சொன்னால், முதலாவது மதகுப் பலகையைத் தூக்குகிறது, இரண்டாவது வாய்க்காலில் வளர்ந்த மேட்டைக் கரைக்கிறது. பெரிய சுரப்பிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, நோய் முற்றுவதை ஒன்றை மட்டும் கொடுப்பதை விட நன்றாகத் தடுக்கும் என்று 2003இல் வந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. முதலாவதில் தலைசுற்றும், விந்து வெளிவராமல் போவதும் உண்டு. இரண்டாவதில் சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையும்.

வெல்லாவெளி_மகன்

நன்றி டொக்டர். அப்பா ரியூப்போடு திண்ணையை விட்டு அசைய மறுக்கிறார். அறுவடை நேரம் வேறு. ஆட்கள் பார்ப்பார்கள் என்று வெட்கம்.

ஓய்வுத்_தாதி

காலில் கட்டும் சிறிய பை இருக்கிறது, சாரனுக்குள் தெரியாது. பாமசியில் கேளுங்கள். இரவில் பெரிய பை. எந்தப் பையானாலும் சலப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். கட்டிலில் தலைமாட்டில் மாட்டி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன், போனது திரும்பி உள்ளே வரும். ரியூப் முறுக்குப்படக்கூடாது. தொடையில் பிளாஸ்ரர் போட்டு ஒட்டிவிட்டால் இழுபடாது. பை முக்கால்வாசி நிரம்பமுன் வெறுமையாக்குங்கள், முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரியூப் உள்ளே போகிற வாசலைச் சுற்றிக் கழுவ சோப்பும் தண்ணீரும் போதும். தேங்காயெண்ணெய், டெற்றோல் ஒன்றும் வேண்டாம்.

நடுக்கத்தோடு காய்ச்சல், சலம் வராமல் ரியூப்பைச் சுற்றிக் கசிவு, கட்டி கட்டியாக இரத்தம் இருந்தால் இரவென்று பார்க்காமல் கொண்டுபோங்கள். மாற்றும் தேதியைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வயல் வரம்பில் நின்று மேற்பார்வை பார்க்கலாம். சேற்றுக்குள் இறங்க வேண்டாம்.

நிந்தவூர்_சேர்

ஓய்வுபெற்ற ஆசிரியர். மாணவர்கள் யாராவது படித்தால் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அந்த ஒபரேசன் நடந்தது, ரி.யூ.ஆர்.பி. என்பார்கள். கொக்கட்டித் தம்பி சொன்னதுபோல வயிற்றைக் கிழிப்பதில்லை. மிகப் பெரிய சுரப்பிக்குத்தான் சில இடங்களில் திறந்து செய்கிறார்கள். எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே விறைத்துவிட்டது, விழித்துக்கொண்டேதான் கிடந்தேன். சலம் வரும் வழியாலேயே கருவியை விட்டு, மின்சார வளையத்தால் சுரப்பியின் உள்பகுதியைச் சீவி எடுத்தார்கள். சீவிய துண்டுகளை ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

பிறகு தடித்த ரியூப் ஒன்று. ஒரு பக்கத்தால் சேலைன் ஓடிக் கழுவிக்கொண்டே இருக்கும், மறுபக்கத்தால் வெளியே வரும். முதல் நாள் பை முழுக்கச் சிவப்பு, என் மனைவி பார்த்துவிட்டு வார்ட்டிலேயே அழுதுவிட்டாள். பிறகு ரோஸ் நிறமாகித் தெளிந்தது. அந்த நேரத்தில் சலம் முட்டுகிற மாதிரி ஒரு அந்தரம் வரும், முக்கக்கூடாது. ரியூப் கழற்றிய பிறகு எரிவும் அவசரமும் சில கிழமை இருந்தன. வீட்டுக்கு வந்து நன்றாக இருக்கிறேன் என்று நினைத்திருக்க, திடீரென்று ஒருநாள் திரும்பவும் சிவப்பாகப் போனது. உள்ளே பொருக்கு உதிரும் நேரத்தில் அப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தண்ணீர் குடித்தேன், தெளிந்தது. பாரம் தூக்காமல், மோட்டார் சைக்கிள் ஓடாமல் சில கிழமை இருக்க வேண்டும். மலம் இறுகாமல் பப்பாசியும் கீரையும் சாப்பிட்டேன். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல் போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்துவதா, எப்போது என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

எல்லோரும் கேட்க வெட்கப்படும் கேள்வி. தாம்பத்தியம் முடிந்துவிடாது. ஆனால் விந்து வெளியே வராது, பின்னோக்கிச் சலப்பைக்குள் போய்விடும். பத்தில் ஆறேழு பேருக்கு இப்படியாகும். இன்பமோ விறைப்போ பெரும்பாலும் மாறுவதில்லை. இன்னும் பிள்ளை வேண்டும் என்கிற வயதுக்காரர் இதை முதலே பேச வேண்டும். எனக்குப் பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள், கவலையில்லை. நிரந்தரமாகச் சலம் ஒழுகிப்போவது அரிது. ஊரில் சொல்கிற பம்பர்ஸ் கதை அநேகமாக முதல் சில கிழமை அவசரத்தைக் கண்டவர்கள் கட்டியது.

கட்டார்_வாசி

சேர், இதை அப்படியே வொய்ஸ் ஆக்கி வாப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். கேட்டுவிட்டு, “அந்த சேர்ர போன் நம்பர் இருக்கா” என்கிறார். முதல் தடவையாக இந்த விடயத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

வெல்லாவெளி_மகன்

ஒபரேசன் முடிந்து அப்பா வீட்டில் இருக்கிறார். சேர் எழுதியதை வாசித்துக் காட்டியிருந்ததால் சிவப்பைக் கண்டு யாரும் பதறவில்லை. துண்டுகளின் ஆய்வு அறிக்கை வந்துவிட்டது, புற்று இல்லை. கிரியற்றினின் 1.4இல் நிற்கிறது, அதற்குக் கீழே இறங்குமா தெரியாது, தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் ஒன்றிரண்டு தடவை எழும்புகிறார். மோட்டார் சைக்கிள் திறப்பை ஒளித்து வைத்திருக்கிறேன், அதற்குத்தான் இப்போது சண்டை.

இன்னொன்று. கண்புரை ஒபரேசனுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். புரொஸ்டேட் ஒபரேசன் செய்ததை அங்கே சொல்ல வேண்டுமா?

ஓய்வுத்_தாதி

ஒபரேசனை விட முக்கியம், டாம்சுலோசின் போட்டதைச் சொல்வது. அந்தக் குளிசை கண்மணியின் தசையையும் தளர்த்தும். கண் ஒபரேசன் நடக்கும்போது கண்மணி சுருங்கி, கருவிழித் திரை தொய்ந்து தொல்லை கொடுக்கும். நிறுத்திக் கனகாலமானாலும் வரலாம். முன்பே தெரிந்தால் கண் டொக்டர் அதற்கேற்ப ஆயத்தமாக இருப்பார். மாமாவின் அட்டையில் போட்டதும் கணக்குத்தான். பிரசோசினும் அதே வகை என்பதால் அதையும் சொல்லுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள்.

வெல்லாவெளி_மகன்

எழுதிவிட்டேன் ஐயா. மாமாவுக்கும் அதே கிழமையில் கண் கிளினிக் இருக்கிறதாம், அவருடைய கொப்பியிலும் எழுதிவிட்டேன்.